ஈசலோணான் பாடம்

கிழக்குத் தாம்பரம்,
22-6-1969

அன்புள்ள தயாளனுக்கு,

தனசிங் எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் நானும் ஹில்டாவும் சுகம். பாளையங்கோட்டையில் உன் வீட்டார் சுகத்துக்கு எழுது. ஹில்டாவின் முழங்கால் வலி தேவலை. தண்ணீர்க் கஷ்டம் வழக்கம்போல. இதைச் சொல்லவா இவன் எழுதுகிறான் என்று நினைப்பாய். இல்லை.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், பதினோராம் வகுப்பில் ஊர்வன பாடம். மழை விட்டதும் ஜன்னல் வழியாக ஈசல் புகுந்து, பெண்கள் பெஞ்சு மேல் ஏறிக் கத்தினார்கள். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. அவர்களை அடக்க ஒரு மிருகத்தை அங்கேயே உண்டாக்கினேன். பெயர் ஈசலோணான். மனிதன் தோன்றுவதற்குக் கோடி வருஷம் முன்னால் வாழ்ந்தது, கன்றுக்குட்டி அளவு. வருஷம் முழுக்கப் புற்றடியில் அசையாமல் கிடக்கும். முதல் மழைக்கு ஈசல் கிளம்பும் அன்று முழ நீள நாக்கை நீட்டி ஒரு வருஷத்துக்கும் சேர்த்துத் தின்னும். முட்டையைப் புற்றுக்குள்ளேயே இடும், கறையான் அதற்குக் காவல். மழை பொய்த்த வருஷங்களில் வேறு இரை தேடத் தெரியாமல் காத்திருந்தே செத்து, பூண்டோடு அழிந்தது என்றேன். கரும்பலகையில் படமும் போட்டேன். கதை என்று கடைசியில் சொல்ல இருந்தேன், மணி அடித்துவிட்டது. மறுநாள் எனக்கு நினைவே இல்லை.

பட்டு மட்டும் மறக்கவில்லை. அடுத்த தெரு ரயில்வே குமாஸ்தா கஸ்தூரிரங்கனின் பெண், நான் இருமினாலும் நோட்டில் எழுதுகிறவள். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில், அழிந்துபோன ஊர்வன ஒன்றைப் பற்றி எழுது என்று ஐந்து மார்க் கேள்வி. ஒன்றரைப் பக்கம், படத்தோடு எழுதினேன் சார் என்று அன்றைக்கே ஓடிவந்து சொன்னாள். எப்படியும் தேறிவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன். விஞ்ஞானத்தில் முப்பத்திரண்டு. மூன்று மார்க்கில் போய்விட்டது, தயாளா.

காலேஜுக்குப் போகவேண்டிய பெண். அப்பா அரக்கோணத்தில் வரன் பார்த்து ஆவணியில் முகூர்த்தம் என்கிறார். அக்டோபரில் மறுபடி பரீட்சை எழுதும் மனுவில் கையெழுத்துப் போடமாட்டாராம். நடந்ததைச் சொன்னதற்குத் தலைமையாசிரியை, திருத்திய தாளைத் தொட முடியாது, வெளியே பேசி உங்கள் வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார்.

நேற்று அவர்கள் வீட்டுக்கே போய் உண்மையைச் சொன்னேன். கஸ்தூரிரங்கன் சிரித்துவிட்டு, பெரிய மனசு சார் உங்களுக்கு, எம்பொண்ணு மக்குங்கறதுக்கு நீங்க எதுக்குப் பழி சுமக்கணும் என்று காபி கொடுத்தார். இல்லாத மிருகத்தை நாற்பது பேர் நம்ப முக்கால் மணி நேரம் போதுமாக இருந்தது. இல்லை என்பதை ஒருவர்கூட நம்பவில்லை. நான் புறப்படும்போது பட்டு வாசல்வரை வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், அப்பாவுக்காகச் சொன்னேள்னு தெரியும் சார், வாலை நீளமாப் போட்டுட்டேனா, அதை மட்டும் சொல்லுங்கோ என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டேன். வந்துவிட்டேன்.

நீ வருஷா வருஷம் விடைத்தாள் திருத்துகிறவன். அப்படி ஒரு பிராணி உலகத்திலேயே இருந்ததில்லை, குற்றம் வாத்தியாருடையது என்று உன் கைப்பட கஸ்தூரிரங்கனுக்கு எழுது. வேற்றூர் ஆள் சொன்னால் ஒருவேளை நம்புவார். மனு கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கவே புதன் ஆகிவிடும், தெரிந்துதான் எழுதுகிறேன்.

கர்த்தர் உன் பெண்பிள்ளைகளைக் காப்பாராக. இன்றைய ஜெபத்தில் பட்டுவின் பெயரையும் சேர்த்துக்கொள். நான் முழங்கால் போடுகிறேன். அவள் பெயர்வரை வருகிறது, அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உன்,
தனசிங்