சைக்கிள் நின்ற மூலை

அக்கா,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்ற காலத்தில் உங்களிடம் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடிக்காதவள், இப்போது பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இருந்தால், "இத வாயால சொல்ல என்ன புள்ள ஒனக்கு?" என்று சிரித்திருப்பீர்கள்.

இன்று மதியம் உங்கள் வீட்டுக்காரர் மானகிரியிலிருந்து உங்கள் சைக்கிளைக் கொண்டுவந்தார். ஏறி ஓட்டி வரவில்லை, அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். அப்பாவின் மரப்பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, "வீட்டுல நிக்கிறதப் பாத்துக்கிட்டே இருக்க முடியல ஆசாரி. பாப்பா வேலைக்குப் போகுதாமுல்ல, அது வச்சுக்கிறட்டும்" என்றார். காபி போடுவதற்குள் கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகுதான் கேரியரில் செருகியிருந்த துணியைப் பார்த்தேன். நீங்கள் செயினில் சுற்றுகிற நீலச் சேலைத் துண்டு. விரித்ததும் கிரீஸும் தேங்காய் எண்ணெயும் கலந்த அந்த வாடை. பட்டறையில் தேக்குச் சீவலின் வாசனை எப்போதும் நிறைந்திருக்கும். அதையும் மீறி, ரயில் பெட்டியின் கதவோரம் உள்ளே வந்து நின்றது போலிருந்தது. துணியை அவசரமாக மடித்து வைத்துவிட்டேன்.

நான் கல்லூரிக்குப் போன வருடங்களில் காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குக் காலை ரயிலில் உங்களோடு போனேன். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. அதனால் ரயிலில் எப்படி நிற்க வேண்டும், யாரிடம் என்ன கேட்கலாம் என்று சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. நீங்கள் தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். மானகிரியிலிருந்து ஸ்டேஷன்வரை ஒரு மிதி, புதுக்கோட்டையில் இறங்கி கம்பெனிவரை இன்னொரு மிதி. நடுவில் சைக்கிளும் உங்களோடு ரயிலில் வரும். கூடைக்காரர்களும் பால்காரர்களும் ஏறுகிற கடைசிப் பெட்டியில், திறக்காத கதவுப் பக்கத்து மூலைதான் அதன் இடம்.

எல்லோரும் ஏறிய பிறகுதான் நீங்கள் ஏறுவீர்கள். இறங்கும்போதும் உங்கள் பெட்டியில் நீங்கள்தான் கடைசி. ஏறியதும் செயினில் சேலையைச் சுற்றி, உள்பக்க பெடலில் பழைய காலுறையை மாட்டி, பிரேக்கை டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டுவீர்கள். பால்காரர் தினமும் கேட்பார்: "என்னத்தா, மாப்ளைக்குச் சேல கட்டியாச்சா?"

"ஒமக்கும் ஒரு முழம் கிழிச்சுத் தாரேன். அந்தக் கேன் ஒழுகுறதத் தொடைச்சுக்கிரும்."

பெட்டியே சிரிக்கும். ஒருமுறை வண்டி குலுங்கி, பெடல் ஒரு குழந்தையின் காலைக் கீறிவிட்டது. மறுநாள்தான் அந்தக் காலுறை வந்தது. என் அப்பாவிடம் கேட்டு, சக்கரத்துக்கு அடியில் வைக்க ஒரு ஆப்புக் கட்டையும் செய்து வாங்கினீர்கள். "லக்கேஜ் டிக்கெட்டு சைக்கிளக் கொண்டாரத்தான் போடுறாக. அடுத்தவுக காலு மேல வைக்கவா?" என்றீர்கள். முகூர்த்த நாட்களில் கூட்டம் பிதுங்கினால், ஏறாமல் பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டு எனக்குக் கை காட்டுவீர்கள். கம்பெனியில் அன்று அரைநாள் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

நான் இறங்காமல் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? அன்று அவசரத்தில் வேறு பெட்டியில் ஏறி, கூட்டத்தில் உள்ளே மாட்டிக்கொண்டேன். முன்னால் நின்றவரிடம் "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் பிளாட்பாரத்தில் நின்று ஜன்னல் ஜன்னலாகத் தேடி, "யய்யா, வழி விடுங்க, எம்புள்ள உள்ள மாட்டிக்கிருச்சு!" என்று கத்தினீர்கள். வண்டி நகர்ந்துவிட்டது. நான் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, திரும்பி வரும் வண்டிக்காக அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் நீங்கள் திட்டவில்லை. "தள்ளிக்கங்கன்னு சொன்னா யாரும் கடிச்சிர மாட்டாக. அப்புடிச் சொல்ல வாய் வார வரைக்கும் என் சைக்கிளுக்குப் பின்னால வா. அது போற வழிதான் ஒனக்கும் வழி" என்றீர்கள். அதன்பிறகு படிப்பு முடியும்வரை அப்படியே இறங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். வரவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் கடைசிப் பெட்டியில் ஏறினேன். கூட்டம் நெருக்கியது. ஆனாலும் அந்த மூலை காலியாக இருந்தது. திருமயத்தில் புதிதாக ஏறிய ஒருவர் தன் வெங்காய மூட்டையை அங்கே இறக்கினார். பூக்கூடைக்கார அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அங்குட்டு வைக்காதய்யா, சைக்கிள் நிக்கிற எடம்" என்று அதட்டினார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கட்டிக்கொண்டிருந்த சரம் கையிலேயே நின்றது. பால்காரர் முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்த மனிதர் பாவம், ஒன்றும் புரியாமல் மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். யாரும் அவரிடம், "பரவாயில்லை, வையுங்கள்" என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்த மூலையில் யாரும் நிற்பதில்லை அக்கா. நெருக்கடியில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நிற்கிறோம். அந்த ஓர் ஆள் இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. புதிதாக ஏறுகிறவர்கள்கூட ஏனென்று கேட்காமல் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

புதுக்கோட்டைக்கு முன்னால் வண்டி தண்டவாளம் மாறும்போது உங்கள் பெல் தானாக ஒலிக்கும். "தூங்குறவுகள எழுப்பாத" என்று அதன் தலையில் உள்ளங்கையை வைத்து அமுக்குவீர்கள். இப்போதும் அந்த இடத்தில் எனக்கு அது கேட்கிறது. பாதியில் அமுங்கிப்போகிற ஒலி. கேட்டதும் அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொள்வேன். ஒருநாள் குனிந்தபோது, எதிரே பூக்கார அம்மாவும் தலையைக் குனிந்திருப்பதைப் பார்த்தேன்.

படிப்பை முடித்து எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. புதுக்கோட்டையில் ஊருக்கு வெளியே ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. அந்த நேரத்துக்கு அங்குட்டுப் போக பஸ் இல்லை. போன வாரம் முழுவதும் நடந்தேன், முழுவதும் தாமதம். வெள்ளிக்கிழமை மேனேஜர், "திங்கட்கிழமையும் லேட்டா வந்தா வேற ஆளப் பாத்துக்குவோம்மா" என்று அமைதியாகச் சொன்னார். அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. அவர் தெருவில் எல்லோரிடமும், "மக ஆபீஸ்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆக, நாளைக் காலை சைக்கிளோடுதான் ஏற வேண்டும். லக்கேஜ் டிக்கெட் போடுவேன். எல்லோரும் ஏறட்டும் என்று நிற்பேன். சேலைத் துண்டு, காலுறை, டியூப் ரப்பர் எல்லாவற்றையும் எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். ஹேண்டில்பாரில் கட்டியிருந்த ஆப்புக் கட்டையை அப்பா அவிழ்த்தெடுத்துப் பார்த்தார். ஓரம் தேய்ந்திருந்தது. இழைப்புளியை எடுத்துச் சீவிக் கொடுத்தார்.

கூட்டத்தைப் பார்த்தால் இப்போதும் எனக்குப் பேச வாய் வருவதில்லை. ஆனாலும் நாளை பால்காரரிடம் கேட்டுவிடுவேன், பூக்கார அம்மாவிடமும் கேட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் ஒதுங்குவார்கள். அந்த மூலையில் நிற்கிறவரிடம் கேட்கத்தான் இவ்வளவு நேரமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிறீகளா?