தேனீப் பெட்டிகளும் பதினேழாம் பிரிவும்

அன்புள்ள அக்கரை அக்காவுக்கு,

எல்லைப் பாலத்தின் இந்தப் பக்கத்துச் சரக்கு நிலையத்திலிருந்து உங்கள் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? பதினோரு வருஷமாகத் தொலைபேசியில் பேசுகிறோம். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. இருமல் நன்றாகத் தெரியும்.

இன்று காலை கண் விழித்ததும் முதல் வேலையாக, பல்கூடத் துலக்காமல், ஐந்து நாடுகளும் கையெழுத்திட்ட புது ரயில் பாதை ஒப்பந்தத்தை எடுத்துப் பதினேழாம் பிரிவை வாய்விட்டுப் படித்தேன். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரர், "காலங்காத்தால என்ன, பரீட்சையா?" என்று கேட்டார்.

அது சொல்வது இதுதான்: ஒரு நாடு வைத்த சீல் உடையாமல் இருந்தால், அடுத்த நாடு வண்டியைத் திறக்காமல் அந்தச் சீலின் எண்ணையே ஏற்க வேண்டும். ஐந்து நாட்டுக்கும் ஒரே சரக்குச் சீட்டு. உங்கள் சட்டப்படி எழுதிய சீட்டை எங்கள் சட்டத்துக்கு மாற்றி எழுதி முடிக்கும்வரை வண்டி வெயிலில் காய வேண்டியதில்லை.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? முன்பு தேனீப் பெட்டிகளோடு வந்து வெயிலில் நின்ற அந்த வண்டிக்கு நாம் செய்த திருட்டுத்தனமேதான்! திறந்தே தீருவேன் என்று நின்ற எங்கள் ஆய்வாளர், கதவில் காதை வைத்து உள்ளே ரீங்காரம் கேட்டதும் மூன்றடி பின்னால் போய், "நீங்களே பாத்துக்கோங்கம்மா" என்றார். நீங்கள் போனில், "அடியே, நான் வெச்ச சீல் நம்பரைச் சொல்றேன், அதையே எழுதிக்கோ. வண்டி போகட்டும், சீட்டை அப்புறம் பாத்துக்கலாம்" என்றீர்கள். பிறகு மீனுக்கு, நாற்றுக்கு, கடைசியில் எல்லாவற்றுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

இதற்குமேல் நடந்ததைச் சொல்ல இத்தனை நாள் வெட்கமாக இருந்தது. போன வருஷம் ஒப்பந்தம் எழுத வந்த வக்கீல் அம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "மத்த எல்லையில ரெண்டு நாள் நிக்கிற வண்டி, உங்ககிட்ட மட்டும் எப்படி நாலு மணி நேரத்துல போகுது?" என்று கேட்டார். வேலை போயிற்று என்றே முடிவு கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மூன்று பக்கம் விளக்கக் கடிதம் எழுதினேன். எப்படிச் சரிபார்த்தோம், சீல் உடைந்திருந்தால் என்ன செய்தோம், ஒன்று விடவில்லை. நடுநடுவே மன்னிப்பு. உங்கள் பெயரை மட்டும் எழுதவில்லை.

பதினேழாம் பிரிவு அந்தக் கடிதம்தான் அக்கா. மன்னிப்புக் கேட்ட வரிகளை மட்டும் எடுத்துவிட்டார்கள்! வீட்டில் சொன்னதும் அவர், "நீ பண்ண தப்பு அஞ்சு நாட்டுக்குச் சட்டமா? வீட்டுல பண்றதையும் எழுதிக் குடு" என்கிறார்.

கல்லூரியில் சர்வதேசச் சட்டம் ஒரு தாள் படித்தேன். நீள மேசையைச் சுற்றிக் கோட்டுப் போட்டவர்கள் உட்கார்ந்து எழுதுவது என்றுதான் நினைத்திருந்தேன். தேனீக்குப் பயந்தும் ஒரு சட்டம் பிறக்கும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

சீட்டை மாற்றி எழுதும் நம் அலுவலகப் பிரிவுகளை மாதக் கடைசியில் மூடுகிறார்கள். நம் வேலைக்கு நாமே வேட்டு வைத்துக்கொண்டோம். எனக்குப் பதவி உயர்வோடு தலைமை அலுவலகத்தில் ஐந்தாம் மாடி, தனி அறை. மகள் திரைச்சீலைக்கு நிறம்கூடச் சொல்லிவிட்டாள். அவருக்கு ஒரே கவலை, அங்கே லிஃப்ட் அடிக்கடி நிற்குமாம்.

இன்னொரு இடமும் இருக்கிறது. பாலத்தின் உங்கள் முனையில் வரும் கூட்டு அலுவலகம். உயர்வும் இல்லை, அறையும் இல்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. அதில் ஒன்று உங்களுக்கு என்று கேள்விப்பட்டேன். எது வேண்டும் என்று இன்று மாலைக்குள் எழுதித் தர வேண்டும்.

எழுதிவிட்டேன். அவருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. இந்தக் கடிதம் மதியச் சரக்கு வண்டியில் கார்டு ஐயா கையில் வருகிறது. படித்ததும் ஜன்னல் பக்கத்து நாற்காலியை எனக்குப் பிடித்து வையுங்கள்.

வெந்நீர் குடியுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றாம் தேதிவரை அந்த இருமல் முழுசாக நின்றுவிட வேண்டாம். நான் உள்ளே வரும்போது நீங்கள் யார் என்று யாரும் எனக்குக் காட்டித்தரக் கூடாது. ஒரு தடவை இருமுங்கள், போதும்.

என்றும் அன்புடன்,
உங்கள் இக்கரைத் தங்கை