தலைமாட்டு விளக்கு

யுவ வருஷம், தை 6

இன்றும் விளக்கு அமையவில்லை. எடப்பாடிச் சந்தையில் ஷஃபியுல்லா கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பார்த்தேன். பழனிக்கு நடக்கும்போது தோளில் காவடியும் முதுகில் மூட்டையும் இருக்கும். இதை எந்தக் கையில் பிடிப்பது? மண்ணெண்ணெய் சிந்தினால் கட்டுச்சோறு பாழ். அடுத்துப் பேட்டரி விளக்கை என் முகத்துக்கு நேரே அடித்துக் காட்டினார். போலீஸ்காரன் திருடனைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"ஏனுங்க பெரியவரே, பொண்ணுப் பாக்க வந்தவராட்டம் எல்லாத்துக்கும் கொறை சொல்றீங்க. உங்களுக்கு என்னதானுங்க வேணும்?"

"சின்னதா, கண்ணக் குத்தாம ஒண்ணு."

"கண்ணக் குத்தக்கூடாதுன்னா இருட்டே போதுமேங்க!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். காரணத்தை அவரிடம் எப்படிச் சொல்வது?

தை 7

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மைத்துனன் மகன் செங்கோடன் எழுதுகிறான். எங்கள் காவடிக் கூட்டத்துக்கும் அவன்தான் எழுத்து வேலை. கூலி வெற்றிலை.

காரணம் இதுதான். என் தங்கை பூவாத்தாளும் இந்த வருஷம் கூட்டத்தோடு நடக்கிறாள். அவள் புருஷன் செத்த பிறகு முதல் நடை. எங்களுக்குள் பேச்சில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுக்கிணறு. தண்ணீர் இறைக்கும் முறை யாருடையது என்று அவள் புருஷனுக்கும் எனக்கும் வந்த சண்டை. தண்ணீர் இறைக்க நான் பூட்டியிருந்த மாட்டைக் காட்டிக் கடைசியாக அவள் என்னிடம் சொன்னது, "மாட்ட அவுத்துக்கிட்டுப் போங்க." அண்ணா என்று சேர்க்கவில்லை. அன்றைக்கு அவள் சேலை முந்தியில் ஈர வைக்கோல் ஒட்டியிருந்தது. என் வீட்டுக்காரி செத்தபோது வந்தாள். பெண்களோடு உட்கார்ந்து அழுதாள். என் பக்கம் திரும்பாமலே போனாள்.

தங்குகிற இடங்களில் பக்கத்தில்தான் இருப்பாள். பெரிய வெளிச்சமானால் அவள் முகம் எனக்குத் தெரியும், என் முகம் அவளுக்குத் தெரியும். இரண்டு பேருமே திரும்பிக்கொள்ள வேண்டிவரும். விளக்கே இல்லாவிட்டாலோ நான் அங்கே இருப்பதே தெரியாது. ஆள் இருப்பது மட்டும் தெரிய வேண்டும்.

"இதையுமா எழுதறது மாமா?"

எழுதுடா.

தை 11

கிடைத்தது! ஷஃபியுல்லா பழைய சாமான் பெட்டியைக் கிளறி எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளை விளக்கு. திருகு மூடி இருப்பதால் நடக்கும்போது எண்ணெய் சிந்தாது. விளக்கெண்ணெய் ஊற்ற வேண்டும். வீட்டில் ஏற்றிப் பார்த்தேன். வெளிச்சம் பாயின் விளிம்பு வரை போனது, அதற்கப்பால் போகவில்லை. நான் ஒருவன் கிடக்கிற வீட்டுக்கு அதுவே அதிகம்.

தை 18

புறப்பட்டோம். பூவாத்தாள் முன்னால் நடக்கிறாள். இடது காலை இழுத்து வைக்கிறாள். எப்போதிருந்து இப்படி? யாரைக் கேட்பது?

தை 21

காங்கேயம் தாண்டித் தங்கல். விளக்கை ஏற்றினேன். செங்கோடன் பெண்டாட்டி சாலம்மாள் அடுப்படியிலிருந்தே கத்தினாள்: "ஏனுங்க மாமா, மின்மினிப் பூச்சியப் புடிச்சு வெச்சிருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதில் ஒரு சிரிப்பு வாயைப் பொத்திக்கொண்டு மூக்கால் வந்தது. சின்னப் பிள்ளையிலிருந்து பூவாத்தாள் அப்படித்தான் சிரிப்பாள். விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

தை 23

தாராபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு புளியந்தோப்பு. நேற்று அங்கே தங்கினோம். பனிக்குப் பயந்து வெள்ளைத் துப்பட்டியைக் கால் முதல் முகம் வரை இழுத்துப் போர்த்தினேன். திசை பார்க்காமல் தெற்கே தலை வைத்துவிட்டேன். தலைமாட்டில் விளக்கு, அணைக்காமலே தூக்கம் வந்துவிட்டது.

விடியக் கருக்கலில் சாலம்மாள் என்னை எழுப்ப வந்திருக்கிறாள். பிணத்தைக் கிடத்துகிற மாதிரி தெற்கே தலை, நீட்டிய கால், மூடின முகம், தலைமாட்டில் விளக்கெண்ணெய்த் தீபம். நான் செத்துக் கிடப்பதை முன்னாலேயே பார்த்தவர்கள் யாரோ ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். அரிக்கேனாக இருந்தால் நினைத்திருக்க மாட்டாள். செத்தவன் தலைமாட்டில் மண்ணெண்ணெய் விளக்கை யார் வைப்பார்கள்?

"ஐயோ, மாமா போயிட்டாரே!"

அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வந்தது. எழப் போனேன். அதற்குள் யாரோ காலை இழுத்து இழுத்து ஓடிவந்து என் மார்பில் விழுந்தார்கள்.

"அண்ணா! எங்கூடப் பொறந்த அண்ணா! ஒரு சொல்லுப் பேசாமப் போயிட்டியே! அந்தக் கெணத்துத் தண்ணிய இனி யாருக்கு எறைப்பேன்! நாளைக்குப் பேசிக்கலாம், நாளைக்குப் பேசிக்கலாம்னு இருந்தனே!"

நான் எழவில்லை. இதைச் சொல்லும்போது செங்கோடன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான். பார்க்கட்டும். அண்ணா என்று கேட்டு எத்தனை காலம்? இன்னும் ஒரு தரம் சொல்லட்டும் என்று கிடந்தேன். சொன்னாள். கண்ணீர் துப்பட்டியில் ஊறி என் கன்னத்தில் பட்டது. அதற்குமேல் தாங்கவில்லை.

"பூவா," என்றேன், துணிக்குள்ளிருந்தே. "அந்த வெளக்க அமத்து. எண்ணெ வீணாப் போவுது."

சாலம்மாள் அலறிக்கொண்டு ஓடினாள். பூவாத்தாள் துணியை விலக்கி என் முகத்தைப் பார்த்தாள். தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"உசுரோட கெடந்து கேட்டுக்கிட்டு இருந்தியா? தூ!"

எழுந்து போய்விட்டாள்.

வழியெல்லாம் கேலிதான். "செத்தவரு என்ன வெரசா நடக்கறாரு பாருங்க!" பூவாத்தாள் மட்டும் திரும்பவே இல்லை. முன்பு அவளுக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. இப்போது வெட்கமும் சேர்ந்துகொண்டது. இந்த விளக்கை வாங்காமலே இருந்திருக்கலாமோ?

தை 24

விளக்கு ஏற்றவில்லை.

தை 25

பழனி. பூசம். காவடி செலுத்தியாயிற்று. படியில் அவளைத் தேடினேன், காணவில்லை.

இருட்டும் நேரத்தில் தங்கலுக்கு இறங்கி வந்தேன். மூட்டை அவிழ்ந்து கிடந்தது, விளக்கைக் காணோம். யார் எடுத்தார்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்புறம்தான் பார்த்தேன். என் பாயை யாரோ கிழக்கே தலைமாடாக விரித்திருந்தார்கள். விளக்கு கால்மாட்டில் எரிந்துகொண்டிருந்தது. பித்தளையைப் புளி போட்டுத் துலக்கியிருந்தார்கள். எண்ணெய் விளிம்புவரை இருந்தது.

பூவாத்தாள் தன் பாயில் உட்கார்ந்து இடது காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் போய் என் பாயில் உட்கார்ந்தேன்.

என் விளக்கின் வெளிச்சம் அதிக தூரம் போகாது. அவள் பாய் அதற்குள் இருந்தது.