சரோஜம் போட்டிருந்த சங்கிலி

திருவனந்தபுரம்,
18-3-1974

அன்பு மகள் லில்லிபுஷ்பத்துக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகத்தோடு இருக்க நித்தமும் ஜெபிக்கிறோம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, ஆனாலும் உப்பைக் குறைக்கச் சொன்னால் நீ எப்போது டாக்டரானாய் என்று கேட்கிறார், நீ தனியாக அவருக்கு இரண்டு வரி எழுது, நர்சு சொன்னால் கேட்பார். டியூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே.

இப்போது மனசைப் போட்டு அரிக்கிற ஒரு காரியம், உன்னிடம் அல்லாமல் யாரிடம் சொல்ல. நம் சபை மூலமாக ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர்கள் உங்கள் ஜெர்மனியிலிருந்து போன வாரம் வந்திருந்தார்கள், அவரவர் உதவுகிற பிள்ளையை வீட்டில் போய்ப் பார்த்து ஜெபித்துவிட்டு வர. இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள் என்று, பேசுவதை மொழிபெயர்த்துச் சொல்ல என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். முதலில் விழிஞ்ஞத்தில் ஒரு வீடு, கூரை பிய்ந்து கிடந்தது, அந்தத் தாய் ஒன்றும் மறைக்காமல் அழுதாள், ஹில்டா என்கிற அம்மாளும் கூடவே அழுதார்கள். இந்த ஹில்டா அம்மாள்தான் நம் எலிசாள் மகள் சரோஜத்தை விடுதியில் வைத்துப் படிக்கவைக்கிறவர்கள். எலிசாளை உனக்குத் தெரியும், சர்ச்சைப் பெருக்கித் துடைக்கிறவள். புருஷன் ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மூட்டை சுமந்து சுமந்து நெஞ்சு கெட்டு இப்போது படுக்கையில் கிடக்கிறான்.

அவள் வாசலில் போய் நின்றதும் எனக்கே வீடு மாறி வந்துவிட்டோமோ என்றாகிவிட்டது. தூர தேசத்து விருந்தாளி வருகிறார் என்று அந்தச் சந்து முழுவதும் கூடி வீட்டை ஜோடித்திருக்கிறது. ஒரு வீட்டு நாற்காலிகள், இன்னொரு வீட்டு ரேடியோ, கட்டிலில் பூப்போட்ட விரிப்பு, அடுப்பில் கோழிக்குழம்பு. சரோஜம் பட்டுப்பாவாடையில் நிற்கிறாள், கழுத்தில் பக்கத்து வீட்டு மங்கலத்தின் தடித்த சங்கிலி. சீக்காளியை வந்தவர்கள் பார்க்க வேண்டாம் என்று மங்கலம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா எங்கே என்று ஹில்டா அம்மாள் கேட்டார்கள், வேலைக்குப் போயிருக்கிறார் என்றாள் எலிசாள், சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. சங்கிலி அழகாக இருக்கிறதே, பிள்ளையுடையதா என்று கேட்டார்கள். சந்துப் பெண்கள் எல்லாரும் வாசலில் நிற்கிறார்கள், மங்கலமும் நிற்கிறாள். எலிசாள் என்னைப் பார்த்து, "பிள்ளைக்க சங்கிலிதான்னு சொல்லுங்க டீச்சரம்மா" என்றாள். கொடுத்த மங்கலமும் ஆமாம் என்று தலையாட்டினாள். நான் அப்படியே சொன்னேன். வேறென்ன சொல்வேன் மக்களே, உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று உன் கழுத்தில் கிடந்தது யார் சங்கிலி என்று உனக்குத் தெரியாதா. வந்தவர் முன்னால் நம் இல்லாமையை விரித்துப் போட நம்மால் ஆகிறதா.

வேனில் ஹில்டா அம்மாள் கோபமே இல்லாமல், இந்தக் குடும்பத்தை ஆண்டவர் நன்றாகவே வைத்திருக்கிறார், இந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டு அந்த விழிஞ்ஞத்துப் பிள்ளையைப் போல ஒன்றுக்குக் கொடுக்கிறேன் என்றார்கள். எல்லாம் இரவல், தகப்பன் அடுத்த வீட்டில் கிடக்கிறான் என்று சொன்னேன். நீங்கள்தானே பிள்ளையுடையது என்றீர்கள், இப்போது எதை நம்ப என்று கேட்டார்கள். கேட்டது நியாயந்தானே. திரும்பிப் போய்ப் பார்ப்போம் என்று கெஞ்சினேன், பிளேனுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். நம் சபை ஐயரிடம் போனால், கொடுக்கிறவர்கள் மனசு, நாம் என்ன செய்ய என்கிறார். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன், அடுத்த வீட்டு நாற்காலியில் விருந்தாளியை உட்காரவைப்பது பொய் இல்லை என்று அந்த அம்மாளுக்குப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. நீ அவர்கள் நடுவில் இருக்கிறவள், அவர்கள் பாஷையும் படித்தவள், ஹில்டா அம்மாள் விலாசத்தை இதோடு வைத்திருக்கிறேன், முடிந்தால் பேசிப் பார். ஆனால் உனக்கும் முடியுமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

நேற்று ஆராதனை முடிந்து எலிசாள் வீட்டுக்கு வந்தாள், அவித்த கப்பைக் கிழங்கை வாழையிலையில் பொதிந்துகொண்டு. மதாம்மா சந்தோஷமாகத்தான் போனார்களா, குறை ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டாள், முகமெல்லாம் சிரிப்பு. குறை ஒன்றும் சொல்லவில்லை என்றேன். வெறுங்கழுத்தோடு சரோஜம் பின்னால் நிற்கிறாள். ஜூனில் விடுதிக்குக் கொண்டுபோக ட்ரங்குப் பெட்டிக்குப் பச்சை பெயிண்ட் அடித்துப் பேரும் எழுதியாயிற்றாம். கப்பையை அப்பா சாப்பிட்டார், நான் தொடவில்லை.

ஆண்டவர் உங்கள் இருவருக்கும் நல்ல சுகமும் சமாதானமும் தருவாராக. சரோஜத்தைப் பேர் சொல்லி ஜெபம் செய். அப்பாவுக்கு உப்பைப் பற்றி எழுத மறக்காதே. படிப்புக்கு உதவி நின்றுபோகிறது என்று எலிசாளிடம் நான் எப்படிச் சொல்வது என்று உனக்குத் தெரிந்தால் அதையும் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
தங்கபாய்