கமலாக்கா ஊட்டு மணி பிளாண்ட்

அன்புள்ள கமலாக்காவுக்கு, ஏரிக்கரை லாட்ஜ் ருக்கு எழுதுவது.

நேற்று உங்கள் வீட்டுக்குள் போய்விட்டு வந்தேன். ஏழு வருடம் கழித்து. நீங்கள் கூப்பிடவில்லை, இனிமேல் கூப்பிடப் போவதும் இல்லை. அதனால் நானே போனேன். செருப்பைக் கழற்றும்போது கதவு நிலையைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். அழவெல்லாம் இல்லை.

விஜயாதான் சேலத்திலிருந்து லாட்ஜுக்கு ட்ரங்க் கால் போட்டாள். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டுமாம், கூடமாட இருக்க முடியுமா சித்தி என்று கேட்டாள். உங்கள் மகள் கேட்டு நான் எதற்கு மாட்டேன் என்றிருக்கிறேன்?

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எங்கள் ரிசப்ஷனில் சாவிப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு மணி பிளாண்ட் இருந்ததே, எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது மேனேஜர் கொண்டுவந்தது. பச்சை இலையில் பாலைத் தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கும். ஏற்காட்டில் வேறு யாரிடமும் அந்த ஜாதி கிடையாது. சீசனுக்கு வருகிறவர்கள் ரூமைக் காலி செய்யும்போது ஆளுக்கொரு துண்டு கிள்ளிக்கொண்டு போவார்கள். மே மாதம் முடியும்போது கொடி மொட்டையாக நிற்கும். நான் பில் போட்டுக்கொண்டே பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பேன்.

நீங்கள் மட்டும்தான் கேட்டு வாங்கினீர்கள். பெண்கள் ஹாஸ்டல் வார்டன் ஆயிற்றே! ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் பவுடர் டப்பாவைத் தொட்டதற்கு அரைநாள் முட்டி போட வைத்தவர் நீங்கள். நான் கணுவோடு நறுக்கிக் கொடுத்ததை ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் விட்டு, முன்ரூம் ஜன்னலில் ஏரி தெரிகிற மாதிரி வைத்தீர்கள். ஒரே மாதத்தில் இலை கறுத்து, தண்டு கொழகொழத்துப் போயிற்று. மறுபடி கொடுத்தேன், அதுவும் போயிற்று. மூன்றாவதும் அப்படியே.

எங்கள் சமையல்கார மாரியண்ணன்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னார். "கேட்டு வாங்குனா அது வராதுங்க வார்டனம்மா. களவாண்டுட்டுப் போயி வெச்சாத்தான் தழையும்." ஊரே சொல்வதுதான். உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. காபி டம்ளரை டொக்கென்று வைத்தீர்கள்.

"களவாண்டாத்தான் வளரும்னா அந்தச் செடியே எனக்கு வேண்டாங்க."

நான் பில் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தேன். நெடுநேரம் சிரித்தேன். அன்றைக்கு அது உங்களுக்கு உறைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ரெண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வந்தீர்கள். மாடி ரூமுக்கு நான் சாவி கொடுத்துவிட்டு இறங்கி வருவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டீர்கள். வெளியே தூறல். குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று போனீர்கள். "அக்கா, குடைய விரிங்க, நொம்ப நனையறீங்க பாருங்க" என்று வாசலில் நின்று கத்தினேன். நீங்கள் திரும்பவே இல்லை.

அதற்கப்புறம் நான் எப்போது உங்கள் வீட்டுக்கு வந்தாலும், கதவை வெளியே இழுத்துச் சாத்திக்கொண்டுதான் பேசுவீர்கள். "வா கண்ணு, அப்படியே ஏரிப் பக்கம் நடந்துட்டு வரலாம்." ஒரு தடவை, ரெண்டு தடவை என்றால் சரி. ஏழு வருடம்! வெளியே பார்த்தால் அதே பேச்சு, அதே பிரியம். உள்ளே மட்டும் விடமாட்டீர்கள். நான் என்ன நினைப்பேன், சொல்லுங்கள்?

அந்த மாதம்தான் விஜயாவுக்கு அடிவாரத்து வரன் வந்தது. மாப்பிள்ளை கொஞ்சம் வயசாளியாகத் தெரிகிறாரே என்று நான் சொல்லியிருந்தேன். அந்த வார்த்தையைத்தான் மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று முடிவு கட்டினேன். கேட்டிருக்கலாம். எனக்கும் வீம்பு. கூப்பிடாத வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று இருந்துவிட்டேன்.

கடைசியாக உங்களுக்குக் காய்ச்சல் வந்ததே, அப்போது ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தேன். விஜயா வாசலுக்கு வந்து, அம்மா உள்ரூமில் படுத்திருக்காங்க, வாங்க சித்தி என்றாள். ஒரு கால் உள்ளே வைத்துவிட்டேன் அக்கா. அப்போது உங்கள் குரல் கேட்டது.

"அவள அங்கயே இருக்கச் சொல்லு விஜயா. நானே வெளிய வர்றேன்."

எழுந்து உட்காரத் தெம்பில்லாதவர், என்னை உள்ளே விடக்கூடாது என்று வெளியே வருகிறேன் என்கிறீர்கள். பழத்தை விஜயா கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் உங்களை ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். நாலாம் நாள் நானும் சேலம் பஸ் ஏறினேன். விஜயா வீட்டில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். மாலை போட்டுவிட்டு அன்று சாயங்காலமே திரும்பிவிட்டேன்.

இனி நேற்று. முன்ரூம் ஜன்னலில் ஒன்றுமில்லை. உள்ரூமுக்குள் போனேன். கட்டில் தலைமாட்டில் அதே ஊறுகாய் பாட்டில். அதிலிருந்து கிளம்பிய கொடி, ஆணிக்கு ஆணி நூல் கட்டி, நாலு சுவரையும் சுற்றிக்கொண்டு, கட்டிலுக்கு மேலேயே திரும்ப வந்து நின்றது. ஒவ்வொரு இலையிலும் பால் தெளித்த வெள்ளை. தூசி ஒரு பொட்டு இல்லை. நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா சித்தி?" என்றாள் விஜயா. "உங்க லாட்ஜுல களவாண்டதுங்க. குடைக்குள்ள வெச்சுக் கொண்டாந்தாங்க. ருக்கு சித்திகிட்டச் சொல்லிடுங்கம்மான்னு எத்தனையோ வாட்டி சொன்னேன். வேண்டாம் கண்ணு, அவ சிரிச்சுருவா அப்படீன்னாங்க."

சிரித்திருப்பேன். சத்தியமாகச் சிரித்திருப்பேன், ஒரு வாரம் விடாமல். மாரியண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லியும் சிரித்திருப்பேன். அதற்காகவா அக்கா? அதற்காகவா காய்ச்சலோடு எழுந்து வருகிறேன் என்றீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ரிசப்ஷன் செடி இப்போது இல்லை. போன மார்கழியில் வெள்ளையடிப்பதற்காகத் தொட்டியை வராண்டாவில் வைத்து மறந்துவிட்டார்கள். ரெண்டு நாள் பனியில் கறுத்துக் கொழகொழத்துவிட்டது, உங்கள் ஜன்னலில் போன மூன்றையும் போலவே. அதற்குக் குளிர்தான் ஆகாது. உங்கள் உள்ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. நேற்று கையை வைத்துப் பார்த்தேன், விஜயா காபி போட்ட சூடு சுவரில் தெரிந்தது. களவாண்டதால் வளர்ந்ததல்ல அக்கா, என் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தீர்களே, அந்தக் கதகதப்பில் வளர்ந்திருக்கிறது. தைரியமாக முன்ரூம் ஜன்னலில் வைத்திருந்தால் ஒரே மாதத்தில் செத்திருக்கும். நானும் ஏழு வருடம் உங்கள் வீட்டுக்குள் வந்து போயிருப்பேன்.

கொடியை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொன்னாள் விஜயா. வேண்டாம் கண்ணு, சேலத்துச் சூட்டுக்கு நன்றாக வரும், நீயே கொண்டுபோ என்றேன். ரெண்டு பேருமாக நூலை அவிழ்த்து, கொடியைச் சுருட்டி, ஈரத்துணியில் பொதிந்து கூடையில் வைத்தோம். டம்ளர் கழுவ அவள் சமையலறைக்குப் போனாள். அப்போது ஒரு கணு கிள்ளினேன், ரெண்டு இலையோடு. கேட்டால் கொடுத்திருப்பாள். கேட்கவில்லை.

வெளியே தூறல் பிடித்திருந்தது. போய்ட்டு வர்றேன் கண்ணு என்று படி இறங்கி நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் வாசலிலிருந்து விஜயாவின் குரல்.

"சித்தி, குடைய விரிங்க, நனையறீங்க!"

நான் திரும்பவில்லை அக்கா.

என் வீட்டில் அடுப்புக்கு அந்தப் பக்கம் கூடம்தான். அந்தச் சுவரில், வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். எங்கே கிடைத்தது என்று யார் கேட்டாலும், கமலாக்கா ஊட்டிலிருந்து களவாண்டது என்று சொல்வேன். சிரிக்கிறவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்து சிரிக்கட்டும். என் கதவை யாருக்கும் சாத்த மாட்டேன்.

உங்கள் களவாணித் தங்கச்சி,
ருக்கு