சிவப்பு லைட்டும் பூனையும்

அன்புள்ள அம்மாவுக்கு உன் வாலில்லாக் குரங்கின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம், விரல்கள் பத்தும் இருக்கின்றன.

போன வாரம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு காருக்கடியில் படுத்து 'மியாவ்' என்றேன். மெக்கானிக் அண்ணன் குட்டியைத் தேடிப் பாதி வண்டியைப் பிரித்துவிட்டார்.

நேற்று அவர் புதிதாகக் கட்டிய இன்ஜினுக்கு முதல் ஸ்டார்ட். முதல் ஓட்டத்தில் நிற்கவே கூடாதாம். "என்ன ஆனாலும் ஆஃப் பண்ணாதே" என்று என்னைச் சீட்டில் உட்காரவைத்தார். இன்ஜின் உறுமியது. ஆயில் ஏறியதும் அணைய வேண்டிய சிவப்பு லைட் மட்டும் அணையவில்லை.

"அண்ணே, லைட் சிவப்பாவே இருக்கு."

"இன்னிக்கு லைட்டா? பூனை எங்கடா போச்சு?"

"சத்தியமாண்ணே."

"மூடிக்கிட்டு மிதிடா."

சாவியைத் திருப்பி அணைத்துவிட்டேன். ஸ்பானரோடு பாய்ந்து வந்தவர் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே ஒரு சொட்டு ஆயில்கூட ஏறியிருக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா பேரிங்கோட என் பொழைப்பும் போயிருக்கும்" என்றார் மெதுவாக. பம்பில் ஆயில் ஏற்றி மறுபடி ஸ்டார்ட் செய்ததும் என்னைத்தான் கேட்டார்.

"அணைஞ்சுதாடா?"

"அணைஞ்சிருச்சுண்ணே."

வந்து எட்டிப் பார்க்கவில்லை. நம்பிவிட்டார்.

என் பழைய ஸ்வெட்டரைத் துவைக்காமல் அனுப்பு, வீட்டு வாசனை அப்படியே இருக்கட்டும். அடுத்து போன் பண்ணும்போது முழுப் பெயரையும் சொல்லி ஒருமுறை திட்டு. இங்கே எல்லோருக்கும் நான் பூனைதான். இதோ, கூப்பிடுகிறார்கள்.

உன் மகன்