பள்ளத்து இறக்கத்தில் இறங்கிய வண்டி

அவிநாசி,
29-10-93

அன்புள்ள மகன் அருள்குமாருக்கு, அப்பா நஞ்சுண்டன் எழுதிக்கொள்வது. சூரத்தில் நீ சுகமாக இருக்க அவிநாசியப்பன் துணை.

என் எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும். சலித்துக்கொள்ளாமல் மெதுவாகப் படி. இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் நம் மயில்சாமி மாப்பிள்ளை எழுதியது. நான் சொல்வதில் பாதியை விட்டுவிட்டு, அவன் நினைப்பதில் பாதியைச் சேர்த்துவிடுவான். இது நானே எழுதுவது. அறிவொளி வகுப்பில் உட்கார்ந்தது வீண் போகவில்லை. ஒரு வரி முடித்ததும் விரலை உதறிக்கொண்டு, எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன். அந்தச் சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது.

மருமகள் வெங்கடலட்சுமியை நேற்று மத்தியானம் இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். வலி வருகிறது, நின்றுவிடுகிறது. உன் அம்மா உள்ளே அவள் பக்கத்தில் இருக்கிறாள். நான் வராந்தாவில். பயப்பட ஒன்றுமில்லை என்று நர்சம்மா சொல்கிறார். போன வருஷம் பள்ளத்தில் தண்ணீர் வந்து, அப்படிச் சொல்ல ஆள் இருக்கும் இடத்துக்கே நாம் வந்து சேரவில்லை.

நம் ஊருக்கு முதல் பஸ் வந்து ஐம்பது வருஷம் ஆனதென்று நேற்று விழா. சப்-கலெக்டர் அம்மாவைக் கோயிலிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் மாட்டு வண்டியில் அழைத்து வருவது, பின்னால் பூ ஜோடித்த பஸ் வருவது என்று ஏற்பாடு. மயில்சாமிதான் விழாக் கமிட்டித் தலைவர். வண்டி நம்முடையது. அதனால் முந்தின நாளே அக்கரையில் நம் வீட்டிலிருந்து பள்ளத்து ஓடையைத் தாண்டி ஓட்டி வந்து அவன் வீட்டில் தங்கினேன். உன் அம்மாவும் வெங்கடலட்சுமியும் காலையில் தரைப்பாலத்தில் நடந்து வந்து, விழாவைப் பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போவதாகப் பேச்சு. நாள் நெருங்கிவிட்டது, இனி அக்கரையில் இருக்க வேண்டாம் என்றுதான்.

ராத்திரி மேற்கே மழை. விடிந்து பார்த்தால் தரைப்பாலம் தெரியவில்லை. வண்டி இறங்க முடியாத இழுப்பு. மத்தியானத்துக்குள் வடிந்துபோகுமுங்க மாமா, நல்ல நாளும் அதுவுமா அந்த அம்மாகிட்டப் பாலத்தைப் பற்றி வாயைத் திறந்துபோடாதீங்க, உயரப் பாலம் கேட்கிற பெட்டிசனை அப்புறம் நாமே கோயமுத்தூருக்குக் கொண்டுபோவோம் என்றான் மயில்சாமி. நானும் சரி என்றுவிட்டேன்.

மேளம் முன்னால் போனது. வண்டியில் அந்த அம்மா பழைய காலத்துப் பஞ்சு மூட்டைப் பாரத்தைப் பற்றி என்னென்னவோ கேட்டார். நான் என்ன பதில் சொன்னேனோ ஞாபகம் இல்லை. மனசு பள்ளத்தில் இருந்தது.

வேப்பமரத்து முக்கு உனக்குத் தெரியும். அங்கே வந்தால் கயிற்றைத் தளர்த்திவிடுவோம், மாடு தானே இறக்கத்தில் இறங்கித் தண்ணீர் குடிக்கும். நேற்றும் என் கை தளர்ந்துவிட்டது. மாடு இரண்டும் ரோட்டை விட்டு இறங்கிவிட்டன. மேளக்காரர்கள் திரும்பிப் பார்க்காமல் நேராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மயில்சாமி ஓடி வந்து, ஓட்டுங்க மாமா, மானத்தை வாங்காதீங்க என்று பல்லைக் கடித்தான். குடிச்சுப்போட்டுத்தான் நகருமுங்க மாப்பிள்ளை என்றேன்.

அந்த அம்மா அக்கரையைப் பார்த்தார். குடையோடு நிற்பது யார், விழாவுக்கு வரவில்லையா என்று கேட்டார். குடை பிடித்திருந்தது உன் அம்மா. கீழே கல்லின் மேல் வெங்கடலட்சுமி, வயிற்றைப் பிடித்துக் குனிந்தபடி. நான் மயில்சாமியைத் திரும்பிப் பார்த்தேன். காலையில் அவனுக்குச் சரி என்று சொன்னவன்தானே நான். கடைசியில் மயில்சாமிதான் சொன்னான், இவங்க மருமகளுங்க, மாசமா இருக்குதுங்க, தண்ணி வந்தா எங்களுக்கு வழி இல்லீங்க என்று.

அந்த அம்மா இறங்கிக்கொண்டார். ஜீப்பை இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள், நீங்கள் போய் அழைத்து வாருங்கள் என்றார்.

தண்ணீர் அச்சு மட்டத்துக்கு இறங்கியிருந்தது. போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது நடுவில் இடப்பக்கத்து மாடு கால் வழுக்கி மண்டியிட்டுவிட்டது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. நெஞ்சில் குத்திய கமிட்டிப் பூவோடு மயில்சாமி தண்ணீரில் குதித்து வந்து நுகத்தடிக்குத் தோள் கொடுத்தான். என்னை அவன் திட்டிய திட்டை எழுத எனக்கு இன்னும் எழுத்து போதாது. வெங்கடலட்சுமி என் சட்டையைப் பின்னால் பிடித்திருந்தாள். கரை ஏறிப் பார்த்தால் சட்டை தோளிலிருந்து கிழிந்திருக்கிறது.

உன் அம்மாவும் அவளும் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் பூ ஜோடித்த பஸ்ஸில் பின்னால் வந்தேன். மாட்டை மயில்சாமி பார்த்துக்கொள்கிறான். ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே, வேணுமென்றுதானே கயிற்றை விட்டீங்க என்று கேட்டான். மாட்டைக் கேளுங்க மாப்பிள்ளை என்றேன். உனக்கு மட்டும் சொல்கிறேன் கண்ணு, எனக்கே தெரியவில்லை.

பாலம் வரும் என்று அந்த அம்மா மேடையில் சொல்லவில்லையாம். அளக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னாராம். வரட்டும், பார்ப்போம்.

போன வருஷம் பிள்ளைக்குப் பெயர் வைக்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதை மயில்சாமி எப்படி எழுதினானோ, அங்கே தனியாக நீ எப்படிப் படித்தாயோ. லீவு கிடைத்தால் உடனே புறப்பட்டு வா. கிடைக்காவிட்டால், ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, இரண்டு பெயர் கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பு. வந்ததும் இரண்டையும் எழுதிப் பழகிக்கொள்கிறேன். அடுத்த வாரம் நான் எழுதுவேன், அப்போது அதில் ஒன்றை இந்தக் கையால் எழுத வேண்டும். நீயும் சாமியைக் கும்பிட்டுக்கொள்.

உன் அப்பா,
நஞ்சுண்டன்